கம்பியில் போட்ட கோடு

இப்படித் தள்ளி உட்காருங்கள் அக்கா, அந்தப் பக்கம் பெஞ்சுக்கால் ஆடுகிறது. இதை நான் என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன். பாயில் சுற்றியிருப்பது துப்பாக்கிதான். பயப்பட வேண்டாம், காலியாகத்தான் இருக்கிறது. நானே சோதித்தேன். எங்கள் வீட்டில் ஒரு விஷயத்தை ஆதாரத்தோடு சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான், அதனால் நம்பலாம்.

நீங்கள் எதற்காக... இருங்கள், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்த ஸ்டேஷன் ரைட்டர் மேல் இருக்கிற கோபம் உங்கள் மேல் திரும்பிவிடும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஸ்டேஷனில் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். சரி, கொண்டுவந்தேன். "லைசென்ஸ்தாரர் வரணும்மா" என்கிறார். ஒப்படைக்க வேண்டியது துப்பாக்கியையா, லைசென்ஸ்தாரரையா என்று கேட்டேன். "நீ இதைத் தூக்கிட்டு பஸ்ல வந்ததே தப்பு. உங்கப்பாவை வரச் சொல்லு" என்கிறார். கேட்ட கேள்விக்கு இது பதிலா அக்கா? முக்கால் மணி நேரம் வாதாடினேன். எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தார். எதிர்வாதம் இல்லாதவர்கள் எல்லோரும் டீ குடிக்கத்தான் போகிறார்கள். அப்பாவுக்கு போன் போட்டாயிற்று, அடுத்த பஸ்ஸில் வருகிறார். அதுவரை உட்கார வேண்டியதுதான்.

கழுத்தில் டேப்பைக் கழற்றாமலே வந்துவிட்டீர்களே. தையல் கடையா? நினைத்தேன்.

நாங்கள் மேலே, ஊஞ்சக்காடு. காப்பியும் மிளகும், ஊடே கொஞ்சம் மலைவாழையும். என் பெயர் வினோதினி. மதுரையில் எம்.எஸ்ஸி. இயற்பியல், கடைசி வருடம். பல்கலைக்கழகப் பட்டிமன்றக் குழுவுக்கு நான்தான் அணித்தலைவி. மூன்று சுழற்கோப்பை வாங்கியிருக்கிறோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, கதைக்குத் தேவைப்படும்.

அப்பா பெயர் குருவையா. இந்தத் துப்பாக்கி அவருடையது. தோட்டாப் போடுகிற நவீன சாமான் இல்லை. குழாயின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய ரகம். காட்டுப்பன்றி வாழைக்கன்றைத் தோண்ட வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. பன்றி ஓடிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. இருபது வருடமாகச் சத்தம் போட்டதைத் தவிர அது யாரையும் ஒன்றும் செய்ததில்லை.

பிரச்சினை தையில் ஆரம்பித்தது. பொங்கல் லீவுக்கு நான் போயிருந்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பெருமாள்சாமி மாமாவின் துப்பாக்கி வெடித்துவிட்டது. வெடிப்பது என்றால் பன்றிக்கு வெடிப்பது இல்லை, குழாயே வெடித்துவிட்டது. முந்தின நாள் மருந்து கெட்டித்து, சுடாமல் மூலையில் சாத்தி வைத்திருக்கிறார். மறந்துபோய் அதன் மேலேயே இன்னொரு முறை கெட்டித்திருக்கிறார். வலது கையில் கட்டைவிரல் போயிற்று. ஒரு கண்ணில் இன்னும் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நேராக எங்கள் வீட்டுத் துப்பாக்கியை எடுத்து வாசலில் வைத்து ஆராய்ந்தேன். எப்படியாவது அப்பாவை இதிலிருந்து காப்பாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எப்படிக் காப்பாற்றுவது? தர்க்கத்தால்தான். வேறு எப்படி?

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன். பொறி வைக்க அப்பா சொந்தமாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அடித்தால் பொறி தெறிக்கிற கேப்பு கிடைப்பதில்லையாம், அதற்குப் பதில் ஏதோ ஒன்றை ஒட்டுகிறார். "இது எப்போது பற்றும், எப்போது பற்றாது என்று உங்களால் சொல்ல முடியுமா? விசையை இழுத்து, பற்றவில்லை என்று கீழே இறக்கும்போது பற்றினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். அப்பா, "நீ சொல்றது நெசந்தான் பாப்பா" என்றார். ஜெயித்துவிட்டேன். மனநிறைவோடு மதுரைக்குப் போனேன்.

அடுத்த லீவுக்கு வந்தால் துப்பாக்கியில் கேஸ் அடுப்பு லைட்டர் மாட்டியிருக்கிறது.

ஆமாம் அக்கா, அடுப்புப் பற்ற வைப்பதுதான். கீழூர் வெல்டிங் பட்டறை அந்தோணி அண்ணனிடம் கொண்டுபோய், விசையோடு அதை இணைத்து வைத்திருக்கிறார். "நீ சொன்னமாரியே பண்ணிட்டேன் பாப்பா, இப்ப டாண்ணு பத்தும்" என்கிறார். அம்மா அடுப்படியிலிருந்து, "டாண்ணா? அது மூணு தடவை அமுக்குனாத்தான் ஒரு தடவை பத்தும். நாலு வருசமா நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இப்ப அதுவும் போச்சு" என்றார்.

நான் விடவில்லை. பொறி பறக்கிற இடம் கண்ணுக்கு அரை அடியில் இருக்கிறது, சூடான காற்று பின்பக்கம் பீறிட்டால் கண் என்ன ஆகும் என்று படம் வரைந்து காட்டினேன். பதினைந்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டார். அடுத்த முறை வந்தால் குழம்புக் கரண்டி. காம்பை வெட்டிவிட்டு, கிண்ணத்தை மட்டும் கண்ணுக்கு மறைப்பாகப் பற்றவைத்திருக்கிறார். சுடும்போது பின்னால் வருகிற உதை தோள்பட்டையை உடைக்கும் என்று நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொன்னேன், பழைய மொபெட் சீட்டை அறுத்துத் தோளில் முட்டுகிற கட்டையில் கட்டினார். அந்த மொபெட்டில்தான் என்னைப் பத்தாவது வரை பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். குழாய்ச் சுவரின் தடிமன் போதாது என்று சொன்னேன், கிளட்ச் ஒயரை வாங்கிவந்து வரிசையாகச் சுற்றினார். ஒயர் சுற்றினால் பலம் ஒன்றும் கூடிவிடாது என்று சொன்னேன், அதன் மேல் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

ஒவ்வொரு வாதத்திலும் நான்தான் ஜெயித்தேன் அக்கா. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எழுதி வைத்திருக்கிறேன், பதினொரு பக்கம், 'வாய்வழித் துப்பாக்கியில் வீட்டுத் திருத்தங்கள்: அபாயங்கள்' என்று தலைப்பு. அப்பா அதை லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். திருநீறு எடுக்கும்போதெல்லாம் ஒரு பக்கம் படிக்கிறார். படித்துவிட்டு அந்தோணி அண்ணனிடம் போகிறார்.

அம்மா பொன்னழகுக்கு ஒன்றும் புரியாது. மூன்றாம் வகுப்பு. "ஏண்டி, ஒங்கப்பன்கிட்ட எதுக்கு இம்புட்டுப் பேசுற? 'எனக்குப் பயமா இருக்குப்பா, அதைத் தொடாதீங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லு. அந்த மனுசன் இன்னைக்கே பரண்ல தூக்கிப் போட்டுருவாரு" என்றார். நான் பொறுமையாக விளக்கினேன். பயம் ஒரு வாதமா? பட்டிமன்ற மேடையில் ஏறி நின்று, நடுவர் அவர்களே, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் மதிப்பெண் போடுவார்களா? அது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு. அதற்குப் பணிகிறவர் நாளைக்கு வேறு யாராவது அழுதால் அதற்கும் பணிவார். அறிவுக்குப் பணிய வேண்டும். அம்மா, "எனக்கு ஒரு கரண்டி வாங்கியாந்து குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பார்த்தீர்களா, எதிர்வாதம் இல்லை.

கேளுங்கள், கொடுமை இனிமேல்தான் இருக்கிறது. ஊர்க்காரர்கள் இதற்கு யுனிவர்சிட்டித் துப்பாக்கி என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் அப்பா சொல்கிறாராம், "எல்லாம் பாப்பா போட்ட பிளான். நான் வெறும் கைதான்" என்று. போன மாதம் அந்தோணி அண்ணன் பட்டறையில் வேறு மூன்று வீட்டுத் துப்பாக்கி கரண்டிக்காகக் காத்திருந்தது. "பாப்பா, அந்தப் பதினோரு பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் குடேன், ஆளுக்கு ஒண்ணு கேக்குறாய்ங்க" என்கிறார் அண்ணன். நான் எழுதியது எதற்கு, இவர்கள் எடுத்துக்கொண்டது எதற்கு? என் அனுமதி இல்லாமல், மேற்கோள்கூடக் காட்டாமல். ஆராய்ச்சி உலகத்தில் இதற்கு என்ன பெயர் தெரியுமா?

இருங்கள், ரைட்டர் வருகிறார்.

என்ன சார்? அளவு எடுத்துப் பதிவேட்டில் எழுத வேண்டுமா? எடுத்துக்கொள்ளுங்கள் சார், தாராளமாக. இதை நான் முதலிலேயே சொன்னேன். பாயை நானே பிரித்துத் தருகிறேன். ஆமாம் சார், கரண்டிதான். லைசென்ஸ் புத்தகத்தில் கரண்டி இல்லைதான். அது என் தவறு இல்லை, என் அப்பா வந்ததும் அவரிடம் கேளுங்கள். ஆமாம், அது மொபெட் சீட்டு. சிரிக்க வேண்டியதில்லை சார், அதற்குப் பின்னால் நியூட்டன் இருக்கிறார்.

கொண்டுபோய்விட்டார். பாருங்கள், காலையிலிருந்து வாங்க மாட்டேன் என்றவர், வேடிக்கை என்றதும் வாங்கிக்கொண்டார்.

எங்கே விட்டேன்? புனல். ஆமாம், புனலை இன்னும் சொல்லவில்லை. அதோ, குழாய் வாயில் நாதசுரம் மாதிரி விரிந்திருக்கிறதே, அதுதான். மருந்து கொட்டும்போது கைநடுங்கி வெளியே சிந்துகிறது, அப்பா வாயில் பீடி. சிந்திய மருந்தும் பீடி நெருப்பும் சந்தித்தால் என்ன என்று கேட்டேன். நியாயமான மனிதர் என்ன செய்வார்? பீடியை விடுவார். இவர் அம்மாவின் எண்ணெய்ப் புனலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். குழாய் வாயில் நாலு விரல் உயரத்துக்குப் புனலைப் பற்றவைத்துவிட்டார்கள். "இனிமே ஒரு பொட்டுச் சிந்தாது பாப்பா" என்று பீடியை வாயில் வைத்துக்கொண்டே சொல்கிறார். அம்மா, "அடுப்பு ஒண்ணுதான் பாக்கி, அதையும் தூக்கி அதுல மாட்டிருங்க, நான் அதுலயே சோத்தைப் பொங்கிக்கிறேன்" என்றார்.

இத்தனை கூத்திலும் அந்தத் துப்பாக்கியில் அறிவியல்பூர்வமான பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு அக்கா. கெட்டிக்கிற கம்பி. இந்த வகைத் துப்பாக்கி வைத்திருக்கிற எல்லா வீட்டுக் கம்பியிலும் அரத்தால் ராவிய ஒரு கோடு இருக்கும். உள்ளே மருந்து இருக்கிறதா என்று வெளியே பார்த்தால் தெரியாது இல்லையா? கம்பியைக் குழாய்க்குள் விட வேண்டும். அது அடி வரை போய், கோடு சரியாக வாயோடு வந்து நின்றால் காலி. கோடு நாலு விரல் மேலே நின்றால், அடியில் நாலு விரல் உயரத்துக்கு மருந்தும் நாரும் கிடக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு எளிமை, எவ்வளவு துல்லியம். பெருமாள்சாமி மாமா அன்றைக்குக் கம்பியை விட்டுப் பார்த்திருந்தால் இன்றைக்கு விரல் இருந்திருக்கும். அப்பா துப்பாக்கி வாங்கின அன்று போட்ட கோடு இது. இருபது வருடமாகத் தேயவில்லை.

அதையும் கெடுக்கப் பார்த்தார். புனல் வைத்த அன்று அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, "கம்பியிலயும் ஒரு ராவு ராவணும் பாப்பா, ஏன்னா..." என்று ஆரம்பித்தார். நான் அந்த 'ஏன்னா'வுக்கு மேல் விடவில்லை. போதும் அப்பா, எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள், அளவுகோலையுமா மாற்றுவீர்கள்? மீட்டர் நீளமாக இருக்கிறது என்று யாராவது மீட்டரை வெட்டுவார்களா? அளவு என்றால் அது மாறக்கூடாது. மாறினால் அதற்குப் பெயர் அளவே இல்லை. ஒரு மணி நேரம் பேசினேன். பல்கலைக்கழகத்தில்கூட நான் அப்படிப் பேசினதில்லை. அப்பா அரத்தை ஆணியில் மாட்டிவிட்டு, "ஒனக்குத் தெரியாததா" என்று எழுந்து போனார். பன்னிரண்டு வாதத்தில் அது ஒன்றுதான் முழு வெற்றி. மற்றதில் எல்லாம் ஒப்புக்கொண்டு ஏதாவது செய்துவைத்தார். இதில் ஒப்புக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை.

அந்தக் கம்பியை வைத்துத்தான் இன்று காலையில் சோதித்தேன். கோடு புனல் விளிம்போடு மயிரிழை பிசகாமல் வந்து நின்றது. தொட்டுப் பார்த்தேன். காலி. தோட்டத்துக்குப் போயிருந்த அப்பாவிடம் போனில் சொன்னேன், கம்பி விட்டுப் பார்த்துவிட்டேன், எடுத்துக்கொண்டு போகிறேன் என்று. எட்டு மணி பஸ். கண்டக்டர், "என்ன பாப்பா, பந்தக்காலா?" என்று கேட்டு லக்கேஜ் போட்டார். உட்கார இடம் கிடைத்தது, இரண்டு காலுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்துக்கொண்டேன். மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றுக்கும் தூக்கம் சொக்கியது. நாடியை அந்தப் புனலிலேயே ஊன்றிக்கொண்டு அடிவாரம் வரை தூங்கிக்கொண்டு வந்தேன்.

என்ன அக்கா, டேப்பைக் கையில் எடுத்துவிட்டீர்கள்? கேளுங்கள், சந்தேகம் கேட்பது நல்லதுதான், எனக்குப் பிடிக்கும்.

கோடு எப்போது போட்டதா? சொன்னேனே, துப்பாக்கி வாங்கின அன்று. இருபது வருடம்.

புனல் வைத்தது போன மாதம்.

ஆமாம், நாலு விரல் உயரம். ஏன்?

துணியா? பாவாடைக்கு அடியில் நாலு விரல் ஒட்டுப் போட்டால் பழைய அளவு செல்லாது, சரிதான். இடுப்பிலிருந்து பழைய அளவுக்கு டேப்பை விட்டால் ஒட்டுப் போட்ட இடம் வரைக்கும்தான் வரும், விளிம்பு அதற்குக் கீழே போய்விடும். அதற்கும் இதற்கும் என்ன... வாய் நாலு விரல் உயர்ந்துவிட்டது. குழாய் காலியாக இருந்தால் கம்பி அடி வரை போகும். போனால் கோடு விளிம்போடு நிற்காது. நாலு விரல் உள்ளே முங்கிவிடும். விளிம்போடு நிற்க வேண்டுமென்றால் அடியில் நாலு விரலுக்கு ஏதாவது...

அக்கா, கொஞ்சம் பேசாமல் இருங்கள்.

நீங்கள் பேசவில்லை. நான்தான்.

அந்த ரைட்டர் என்ன செய்கிறார்? கட்டையைத் தரையில் ஊன்றி நிறுத்தியிருக்கிறார். பாராக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். "நாயனம் மாதிரி இருக்குல்ல" என்று புனலுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோகிறார். இன்னொரு கை கீழே விசையில்.

டிக்.

பற்றவில்லை. மூன்று தடவை அமுக்கினால்தான் ஒரு தடவை.

சார். சார், ஒரு நிமிடம். நீங்கள் இப்போது செய்வதில் அடிப்படையான ஒரு பிழை இருக்கிறது. முதலாவதாக, அந்தக் கம்பியின் கோடு... இல்லை சார், வாதாட வரவில்லை. கேளுங்கள். முதலாவதாக...

டிக்.

சார், எனக்குப் பயமா இருக்கு. கையை எடுங்க சார்.

எடுத்துவிட்டார்.

ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், கையை எடுத்துவிட்டார். இப்போது அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரையும் வெளியே தள்ளிப் போகச் சொல்கிறார். வாருங்கள் அக்கா, வேப்பமரத்துக்குப் போய்விடுவோம். என் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹலோ, அப்பா. எங்க வர்றீங்க? இல்ல, ஒண்ணும் இல்ல. ஒண்ணு கேக்கணும். கடைசியா எப்ப மருந்து கெட்டிச்சீங்க? செவ்வாக்கிழமை சாயங்காலமா. சுட்டீங்களா? பன்னி வரலையா. அப்ப அது உள்ளயே... காலையில நான் போன்ல சொன்னப்ப ஏம்ப்பா நீங்க சொல்லல?

சரி. சரிப்பா. வாங்க.

என்ன சொன்னாரா? "கெட்டிச்சது ஞாபகம் இருந்துச்சு பாப்பா. ஆனா நீ கம்பி விட்டுப் பாத்துட்டேன்னு சொன்னியே. நாம சுட்டதத்தான் மறந்துட்டோம்போலன்னு இருந்துட்டேன். நீ சொன்னா சரியாத்தான இருக்கும்" என்கிறார்.

வந்ததும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அம்மா சொன்னாரே, அந்த ஒரே வார்த்தைதான். அதற்கு முன்னுரை எல்லாம் தேவையில்லை, இல்லையா?

நீங்கள் ஏதாவது பேசுங்கள் அக்கா. உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஸ்டேஷனுக்கு எதற்காக வந்தீர்கள்?